நாலு மணி நேரம் தந்த கோடு

கிராஃப் தாளைக் கையில் எடுக்காமல் நம் கல்லூரியிலிருந்து யாரும் வெளியே வந்ததில்லை. புள்ளி வைத்தோம், கோடு இழுத்தோம், மார்க் வாங்கினோம், மறந்தும் விட்டோம்! அதே தாள் பிரசவ வார்டில் உயிர் காத்த வரலாறு ஒன்று உண்டு. மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் பொறியாளன் என்பதால் அது என் கண்ணில் பட்டது. இம்மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

1954-ல் நியூயார்க்கில் இமானுவேல் ஃப்ரீட்மன் என்ற டாக்டர், வலி கண்ட பெண்ணின் கருப்பை வாய் மணிக்கு மணி எத்தனை சென்டிமீட்டர் விரிகிறது என்பதைக் கிராஃபாகப் போட்டார். 'இன்னும் கொஞ்சம் பார்ப்போம்' என்று அனுபவத்தால் சொல்லிவந்தது, கண்ணுக்குத் தெரியும் கோடாயிற்று.

1972-ல் ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) ஃபில்பாட், காசில் என்ற இருவர் அதில் இரண்டு கோடுகளைச் சேர்த்தார்கள். அங்கே ஊர்ப்புறத்தில் பிரசவம் பார்த்தவர்கள் நர்ஸுகள். ஆபரேஷன் வசதியோ தொலைவில் நகரத்தில். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கில் எச்சரிக்கைக் கோடு. அதிலிருந்து நாலு மணி நேரம் தள்ளி நடவடிக்கைக் கோடு. முதல் கோட்டைத் தாண்டினால் உடனே கிளம்பு. இரண்டாவதைத் தொடுவதற்குள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர். ஆமாம், அந்த நாலு மணி நேரம் பயணத்துக்கென்றே ஒதுக்கியது!

நம்ம பக்கத்து ஆட்களுக்கு இதன் அருமையை விளக்கவா வேண்டும்? ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர்தான். ஆனால் 1988-ல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கும்வரை தீவைவிட்டு வெளியேற ரயில், இல்லாவிட்டால் படகு. 1964 புயலில் ரயில் பாலமும் சிதைந்தது. 108 ஆம்புலன்ஸ் வந்தது 2008-ல். ராமநாதபுரத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2022-ல். அதற்கு முன் ஒவ்வொரு மணி நேரமும் ஓர் உயிரின் விலை.

உலக சுகாதார நிறுவனம் இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்தில் 35,484 பெண்களிடம் இந்த வரைபடத்தைச் சோதித்து, 1994-ல் முடிவை வெளியிட்டது. 18 மணி நேரத்துக்கு மேல் நீண்ட பிரசவங்கள் 6.4 சதவீதத்திலிருந்து 3.4 ஆகக் குறைந்தன.

கோடும் கல்வெட்டு அல்ல. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது என்று அதே நிறுவனம் 2018-ல் சொன்னது. 2020-ல் வந்த புதிய படிவத்தில் அந்தச் சாய்கோடு இல்லை. ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் தனித்தனி நேர வரம்பு வந்துவிட்டது.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நாளை நீங்கள் மருத்துவமனைத் திரைகளை வடிவமைக்கலாம். கலர் கலராகப் படம் வரைவது பெரிய காரியமில்லை. குழந்தை பிறந்த பிறகு ரெக்கார்டுக்காக நிரப்பினால் எந்தப் படமும் வீண்தான். ராத்திரி டியூட்டியில் தனியாக நிற்கும் நர்ஸுக்கு, முடிவெடுத்து வண்டியை வரவழைக்க உங்கள் படம் எவ்வளவு நேரம் மிச்சம் வைக்கிறது? அதைக் கேட்டுவிட்டுக் கோடு போடுங்கள்.