ஓட்டைத் தின்ற ஓட்டை

வேலைல ஒரு தடவை, "எழுத்து சின்னதா இருக்கு, பெரியவங்களுக்குப் படிக்க கஷ்டமா இருக்கு"ன்னு கம்ப்ளைன்ட் வந்ததால ஒரு ஃபார்ம்ல ஃபான்ட்டைப் பெருசாக்கினேன். டெஸ்ட் எல்லாம் பாஸ். ஆனா லேபிள் ஒரு பக்கம், டிக் பண்ற கட்டம் ஒரு பக்கம்னு தள்ளிப் போயிடுச்சு. அன்னைக்கு சாயங்காலமே பழைய வெர்ஷனுக்குத் திரும்பிட்டோம். யாருக்கும் நஷ்டமில்லை.

கிட்டத்தட்ட இதே தப்பு, 2000 நவம்பர் 7 அன்னைக்கு, அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துல நடந்துச்சு. அங்க பழைய வெர்ஷனுக்குத் திரும்ப வழியே இல்லை.

முதல்ல ஒரு விஷயம். அமெரிக்காவுல நம்ம தேர்தல் ஆணையம் மாதிரி நாடு முழுக்க ஓட்டுப்பதிவை நடத்துற ஒரே அமைப்பு கிடையாது. ஃபுளோரிடாவுல வாக்குச்சீட்டை வடிவமைக்கிறது, எண்ணுறது எல்லாம் கவுண்டி வேலை. கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரின்னு வெச்சுக்கோங்க. பாம் பீச் கவுண்டிக்குத் தேர்தல் அதிகாரி தெரசா லெபோர். அந்த வருஷம் ஃபுளோரிடாவுல அதிபர் பதவிக்கு 10 வேட்பாளர்கள். வாக்காளர்கள்ல நிறைய பேர் ஓய்வுபெற்ற முதியவர்கள். எல்லாப் பெயரையும் ஒரே பக்கத்துல அடக்கினா எழுத்து பொடியாகிடும். அதனால அவங்க பெயர்களை எதிரெதிரா ரெண்டு பக்கத்துல பிரிச்சுப் போட்டு, நடுவுல துளைகளை வெச்சாங்க. பார்க்க பட்டாம்பூச்சி மாதிரி இருந்ததால 'பட்டர்ஃபிளை பேலட்'னு பேர் வந்துச்சு.

இடது பக்கம் முதல்ல புஷ், அவருக்குக் கீழே அல் கோர். வலது பக்கம் முதல்ல பேட் புகேனன். துளைகளோ ஒரே வரிசை: முதலாவது புஷ், ரெண்டாவது புகேனன், மூணாவது கோர். ரெண்டாவது பெயருக்கு மூணாவது துளை! நம்ம ஊர் ஓட்டு மெஷின்ல சின்னத்துக்கு நேரா பட்டன் இருக்கே, அதோட அருமை எனக்கு இங்கதான் புரிஞ்சது. இதுல இன்னொரு கொடுமை, துளை விழுற அட்டையில பெயரே கிடையாது, வெறும் எண்கள்தான். அட்டையை வெளியே எடுத்துப் பார்த்தாலும் யாருக்குப் போட்டோம்னு தெரியாது.

இதையெல்லாம் சோதிக்கலையான்னு கேப்பீங்க. சோதிச்சாங்க. முன்கூட்டியே துளை போட்ட அட்டைகளை உள்ள விட்டு, எண்ணிக்கை சரியா வருதான்னு பார்க்கிறது தேர்தலுக்கு முன்னாடி நடக்கிற வழக்கமான வேலை. மாதிரிச் சீட்டுகள் வாக்காளர்கள் வீட்டுக்கே போயிருந்துச்சு. மெஷின் சரியாத்தான் எண்ணுச்சு. கையில ஊசியோட நிக்கிற ஒரு எழுபது வயசுக்காரர் எங்க குத்துவார்னு மட்டும் யாரும் சோதிக்கலை.

ஓட்டுப்பதிவு அன்னைக்குக் காலையிலேயே குழப்பம் கிளம்பிடுச்சு. ஒருத்தருக்கு மட்டும் ஓட்டுப் போடணும், அம்புக்குறிக்குப் பக்கத்துத் துளையிலதான் குத்தணும்னு வாக்காளர்களுக்கு ஞாபகப்படுத்தச் சொல்லி ஊழியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை விட்டாங்க. புரொடக்‌ஷன்ல பக் வந்தப்புறம் டாக்குமென்ட்டை அப்டேட் பண்ற மாதிரி!

முடிவு: புகேனனுக்கு 3,407 ஓட்டு. மாநிலத்துல வேற எந்தக் கவுண்டியிலயும் அவருக்கு இவ்வளவு விழலை. பல ஓட்டு தனக்கு விழுந்ததா இருக்காதுன்னு அவரே டிவியில ஒத்துக்கிட்டார். அதைவிடப் பெருசு, 19,000-க்கும் மேல அட்டைகள்ல அதிபர் பதவிக்கு ஒண்ணுக்கு மேற்பட்ட துளை. எல்லாம் செல்லாது. மாநிலம் முழுக்க சுமார் 60 லட்சம் ஓட்டுல புஷ் ஜெயிச்ச வித்தியாசம் 537.

அதுக்கப்புறம் நடந்த மறு எண்ணிக்கைதான் நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். லெபோர், நீதிபதி சார்லஸ் பர்ட்டன், கவுண்டி கமிஷனர் கேரல் ராபர்ட்ஸ்னு மூணு பேர் கொண்ட வாரியம். அட்டையை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, துண்டு தொங்குதா, வெறும் பள்ளம் மட்டும் இருக்கான்னு பார்த்தாங்க. எதை ஓட்டுன்னு எடுத்துக்கிறதுங்கிற விதியே எண்ணிக்கை நடுவுல மாறுச்சு. இதுக்கான விதி எண்ண ஆரம்பிக்கும் முன்னாடியே உறுதியாகியிருக்கணும், இது என் கருத்து. கெடு நவம்பர் 26 மாலை 5 மணி. கூடுதல் நேரம் கேட்டாங்க, கிடைக்கலை. சுமார் ரெண்டு மணி நேரம் தாமதமா முடிச்சாங்க. அந்த எண்ணிக்கையை மாநிலம் ஏத்துக்கலை. டிசம்பர் 12-ல உச்ச நீதிமன்றம் மறு எண்ணிக்கையையே முடிச்சு வெச்சுது.

ஆனா எனக்கு உறுத்துறது வேற. இந்த மொத்தப் பாடும் துளை சரியா விழாத அட்டைகளுக்காக. ரெண்டு துளை விழுந்த அந்த 19,000 அட்டைகளை எவ்வளவு நேரம் வெளிச்சத்துல பிடிச்சாலும் ஒண்ணும் செய்ய முடியாது. ரகசிய ஓட்டு, போட்டவரைக் கூப்பிட்டுக் கேக்கவும் முடியாது. அந்த ஓட்டுகளோட கதை, பக்கத்தை வடிவமைச்ச அன்னைக்கே முடிஞ்சுபோச்சு.

லெபோரும் கோர் கட்சிக்காரர்தான், ஜனநாயகக் கட்சி. சதின்னு சொன்னவங்களும் உண்டு, நான் நம்பலை. பாவம், நல்லது செய்யத்தான் நினைச்சாங்க. 2004 தேர்தல்ல பதவியை இழந்தாங்க. துளை மெஷின்கள் போய் தொடுதிரை வந்துச்சு. அதுல காகிதமே இல்லைன்னு அடுத்த சண்டை. 2007-ல ஃபுளோரிடா மறுபடி காகிதத்துக்கே போகச் சட்டம் போட்டுச்சு.

அந்தச் சீட்டோட படம் இணையத்துல கிடைக்கும். வீட்டுல இருக்கிற தாத்தா பாட்டிகிட்ட காட்டி, அல் கோருக்கு எங்க குத்தணும்னு கேட்டுப் பாருங்க. என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்க.