பண்ணை வைத்திருந்தவரும் பால் கறந்தவரும்

என் தங்கை மகளுக்கு நான்கு வயது. சென்ற கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது ஒரு படப்புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். தடித்த அட்டை, பக்கத்துக்கு ஒரு விலங்கு. வைக்கோல் தொப்பி போட்ட கிழவர் ஒருவர் எல்லாப் பக்கங்களிலும் சிரித்தபடி நிற்கிறார். பன்றி அவர் தொப்பியைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது, வாத்து அவருடைய பூட்சுக்குள் உட்கார்ந்திருக்கிறது. ‘ஓல்டு மெக்டொனால்டு’ பாட்டுதான். திண்ணையில் உட்கார்ந்து எல்லோரும் சேர்ந்து பாடினோம். என் அம்மாவும் பாடினார். பசு வரும் பக்கத்தில் பாட்டை நிறுத்திவிட்டு அவள் கேட்டாள்: “பெரியம்மா, இந்தத் தாத்தாவா பால் கறப்பாரு? ஆச்சிதானே கறப்பாங்க?”

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

இன்று மழலையர் வகுப்புகளில் ஒலிக்கும் இந்தப் பாட்டின் வரலாறு வகுப்பறையில் தொடங்கவில்லை. விலங்குகளின் குரலை அடுக்கிப் பாடும் இதன் மூதாதைப் பாட்டொன்று, 1706இல் லண்டனில் அரங்கேறிய தாமஸ் டர்ஃபியின் இசை நாடகத்தில் இருக்கிறது. பிறகு வாய்மொழியாகப் பல வடிவங்கள் எடுத்து, 1917இல் எஃப்.டி. நெட்டில்ங்காம் தொகுத்த ‘டாமிஸ் ட்யூன்ஸ்’ என்னும் படைவீரர் பாட்டுத் தொகுப்பில் ‘ஒஹாயோ’ என்ற தலைப்பில் அச்சேறியது. அங்கே கிழவரின் பெயர் மெக்டூகல். பெயர் மாறினாலும் ஒரு கிழவர், அவருக்கொரு பண்ணை, பண்ணையில் விலங்குகள் என்ற சட்டகம் அப்படியே இருக்கிறது. தீனி வைத்தவர் யார், கறந்தவர் யார் என்பது பாட்டில் இல்லை.

பாட்டில் இல்லாதது பழைய வேளாண் நூலில் இருக்கிறது. 1523இல் வெளிவந்த ஃபிட்ஸ்ஹெர்பர்ட்டின் உழவு நூல், உழவன் மனைவியின் வேலைகளை வரிசையாகச் சொல்கிறது. பசுக்களைக் கறக்க வேண்டும், கன்றுகளுக்குப் பாலூட்ட வேண்டும். காலையும் மாலையும் பன்றிக்குத் தீனி வைக்க வேண்டும். கோழியையும் வாத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் செய்ய வேண்டும், சந்தைக்குப் போய் விற்று வர வேண்டும். இது போதாதென்று தானியம் தூற்றவும் வண்டியில் எரு ஏற்றவும் வேண்டும். இந்தப் பட்டியல் எனக்கு அந்தப் படப்புத்தகத்தைப் புரட்டுவது போலவே இருந்தது. பசு, பன்றி, கோழி, வாத்து நான்கும் அவள் பொறுப்பில் இருந்தவை.

ஆங்கிலமே இதற்குச் சாட்சி சொல்கிறது. ‘டெய்ரி’ என்ற சொல்லின் அடி ‘டே’. இடைக்கால ஆங்கிலத்தில் அது பால் வேலை பார்க்கும் பணிப்பெண்ணைக் குறித்தது. அவள் வேலை செய்யும் இடம்தான் டெய்ரி.

உழைப்பு அவளுடையது, உடைமை யாருடையது? ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் மணமான பெண்ணின் சம்பாத்தியம் கணவனுக்கே சேரும். அவள் வெண்ணெய் விற்ற காசும் அதில் அடக்கம். 1870இல் வந்த மணமான பெண்கள் சொத்துச் சட்டம்தான் அவள் ஈட்டியதை அவளுடையதாக்கியது. 1882இல் அந்த உரிமை மற்றச் சொத்துகளுக்கும் விரிந்தது. பண்ணை ‘வைத்திருந்தார்’ என்றுதான் பாட்டு தொடங்குகிறது. அந்த வினைச்சொல்லுக்கு எழுவாயாகும் உரிமை நெடுங்காலம் மனைவிக்கு இல்லை.

அவளுடைய அறிவும் கைமாறியது. 1740 முதல் 1840 வரையிலான ஆங்கிலப் பால் தொழிலை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் டெபோரா வலென்ஸ் இதை எழுதியிருக்கிறார். பாலாடைக்கட்டியில் லாபம் பெருகியபோது, பெண்களின் கைப்பக்குவத்தை ஆண் நிபுணர்கள் குறைசொல்லி, அறிவியலின் பெயரால் அத்தொழிலுக்குள் நுழைந்தார்கள்.

பாட்டு அச்சேறிய அதே 1917இல் பிரிட்டனில் பெண்கள் நிலப்படை தொடங்கப்பட்டது. ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டதால் பண்ணை வேலைக்குப் பெண்களைத் திரட்டினார்கள். அவர்களில் பால் கறக்கப் போனவர்களே மிகுதி. 1919இல் அந்தப் படையைக் கலைத்துவிட்டார்கள். பாட்டில் அவர்களுக்காக ஒரு அடிகூடச் சேரவில்லை.

படப்புத்தகங்களும் பாட்டின் வழியிலேயே போயின. அமெரிக்காவின் கால்டிகாட் விருது வரிசையில் ஐந்தாண்டுகள் இடம்பெற்ற நூல்களை லெனோர் வெய்ட்ஸ்மன் குழுவினர் ஆராய்ந்து 1972இல் வெளியிட்டார்கள். ஆண்களின் படங்கள் 261, பெண்களின் படங்கள் 23. ஆணா பெண்ணா என்று தெரியும் விலங்குகளில் 95 ஆணுக்கு ஒரு பெண். பாலும் முட்டையும் தருவது எந்த விலங்கு என்று யாரும் யோசிக்கவில்லை போலும்.

நம் பாட்டுகள் மட்டும் என்ன? கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் பசுவையும் கன்றையும் பாடாத தமிழ்க் குழந்தை இல்லை. அதில் தாயும் சேயும் உண்டு, பால் கறக்கும் மனிதர் இல்லை. கன்றே குடித்துவிடுகிறது. அழகான பாட்டுதான், நானும் பாடி வளர்ந்தேன். ஆனால் தாய் என்று போற்றிவிட்டால் அவள் உழைப்புக்குக் கணக்கு வைக்க வேண்டியதில்லை என்பது நம் வீடுகளின் பழக்கம்.

என் அம்மா முப்பது ஆண்டுகளாக விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து மாடு கறக்கிறார். அப்பா ஒருநாளும் மடியைத் தொட்டதில்லை. பால் சொசைட்டி அட்டை அப்பாவின் பெயரில் இருக்கிறது. என் முனைவர் பட்டப் படிப்புக்குக் கட்டிய பணத்தில் பாதி அந்தப் பால் காசு. ஆய்வேட்டின் நன்றியுரையில் நானும் அப்பாவின் பெயரைத்தான் முதலில் எழுதியிருக்கிறேன்.

மறுநாள் குழந்தை பாட்டை மாற்றிவிட்டாள். கிழவர் போய் ஆச்சி வந்தார். ஆங்கிலப் பசு ‘மூ’ என்பதை விட்டுவிட்டு எங்கள் தொழுவத்துப் பசு போல ‘ம்மா’ என்றது. அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “சொசைட்டி அட்டையிலயே என் பேரு இல்ல, பாட்டுல எதுக்குடி?” என்றார். சொல்லிவிட்டு அடுத்த விலங்குக்கு அவரே குரல் கொடுத்தார்.

ஆய்வேடு நூலாகும்போது அந்த நன்றியுரைப் பக்கத்தைத் திருத்த வேண்டும்.