புகை வீட்டில் தீ மூட்டும் நாள்

நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களில் ராத்திரி பகலாகச் சூடேற்றி வைத்திருந்த கட்டடம் ஒன்றே ஒன்றுதான். அதில் ஆட்கள் குடியிருக்கவில்லை. ரப்பர் ஷீட்டுகள் தொங்கின. அதற்குப் பெயர் ஸ்மோக் ஹவுஸ், புகை வீடு. லின்சம், சுவா பெத்தோங், கெடெஸ் என்று இன்றைக்குத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப் பலகையில் மட்டும் பலருக்குத் தெரிந்த தோட்டங்களின் காலத்தை நினைத்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது வெட்டுக் காடும் லயமும்தான். நான் படித்த தோட்டக் கதைகளிலும் அப்படித்தான்: மழை நிறைய வரும், அட்டை வரும், கள்ளுக்கடை வரும். புகை வீடு தூரத்தில் எங்கேயோ புகைந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான்.

குளிர்நாடுகளில் வருடா வருடம் ஒரு சண்டை நடக்கும். வீட்டுச் சூடேற்றியை எப்போது போடுவது? இலை பழுக்கத் தொடங்கியதும் போடலாம் என்பார் ஒருவர். இன்னொரு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு நவம்பர் வரைக்கும் தாக்குப்பிடி என்பார் பில் கட்டுகிறவர். சொந்த வீடு, சொந்த அடுப்பு என்றால் இது வீட்டுக்குள் முடிகிற சண்டை. கட்டடம் இன்னொருவருடையது, அல்லது சூடு பொதுக் குழாயில் வருகிறது என்றால் விதி எழுத வேண்டியிருக்கிறது. ரஷ்ய நகரங்களில் சராசரி வெப்பநிலை தொடர்ந்து 5 நாள் 8 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் பொதுக் குழாயைத் திறப்பார்கள். பெய்ஜிங்கில் அந்த நாள் நவம்பர் 15. நியூயார்க்கில் அக்டோபர் 1 முதல் மே 31 வரை, பகலில் வெளியே 13 டிகிரிக்குக் கீழே போனால் வீட்டுக்காரர் வாடகை வீட்டை ஏறக்குறைய 20 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். இது சட்டம்.

நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்தவன். வெப்பக் கடத்தல் பாடப்புத்தகத்தில் பாதிக் கணக்குகள் ‘வெளியே மைனஸ் பத்து, உள்ளே இருபது’ என்றுதான் ஆரம்பிக்கும். சிரம்பானில் உட்கார்ந்துகொண்டு அதையெல்லாம் போட்டோம். எங்கள் ஊரில் அந்தக் கணக்கு உண்மையாகவே தேவைப்பட்ட ஒரே இடம் புகை வீடு என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

அதன் வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். வெட்டிக் கொண்டுவந்த பாலை ஸ்டோரில் நிறுப்பார்கள். வடிகட்டி, தண்ணீர் கலந்து, ஃபார்மிக் அமிலம் ஊற்றி உறையவைப்பார்கள். உறைந்த கட்டியை உருளைகளில் விட்டுவிட்டு மெல்லிசாக்குவார்கள். கடைசி உருளையில் வரி வெட்டியிருக்கும். ஷீட்டில் விழும் அந்தக் கோடுகள் அழகுக்கு இல்லை. பரப்பு கூடினால் சீக்கிரம் காயும், ஒன்றோடொன்று ஒட்டாது. பிறகு ஈரம் சொட்டச் சொட்ட கம்புகளில் போட்டு, புகை வீட்டுக்குள் தொங்கவிடுவார்கள். கீழே உலையில் ரப்பர் விறகு எரியும்.

முதல் நாள் 40 டிகிரியை ஒட்டி இருந்தால் போதும். நீராவி வெளியேற மேலே திறப்புகளை விட்டுவைக்க வேண்டும். அடுத்தடுத்த நாள்களில் படிப்படியாக ஏற்றி 60 டிகிரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். நான்கைந்து நாள் ஆகும். அவசரப்பட்டு ஏற்றினால் ஷீட்டுக்குள் கொப்புளம் விழும், பிசுபிசுக்கும். தீ மந்தமானால் நடுவில் வெள்ளைத் திட்டு நிற்கும், பூசணம் பிடிக்கும். ஷீட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து ரகம் பிரிப்பார்கள். ஒன்றாம் ரகம், மூன்றாம் ரகம் என்று அங்கே எழுதப்படும் எண் முந்தின ராத்திரி உலைக்குப் பக்கத்தில் இருந்தவர் கண் அயர்ந்தாரா இல்லையா என்பதற்கான சாட்சி. ரப்பரும் விறகும் ஒரே கூரையின் கீழ் என்பதால் தீப்பிடிக்கும் பயம் வேறு.

அந்த ஆளைப் பற்றித்தான் எழுத்தில் ஒன்றும் கிடைப்பதில்லை. சுவரில் வெப்பமானி தொங்கும். ஆனால் அவர் கையை நீட்டி, புகையின் நிறத்தைப் பார்த்து, ‘இன்னும் ரெண்டு கட்டை போடலாம்’ என்று முடிவு எடுத்திருப்பார். இன்றைய ஆலையில் இதையே ஒரு கட்டுப்பாட்டுக் கருவி செய்கிறது. அதைப் பழுது பார்க்க வருகிறவருக்கு மணிக்கணக்கில் கூலி.

உலையில் எத்தனை கட்டை என்பது அவர் கையில் இருந்தது. உலை எரியுமா எரியாதா என்பது அவர் கையில் இல்லை. அது லண்டனிலும் நியூயார்க்கிலும் ரப்பர் என்ன விலைக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது. 1922இல் ஸ்டீவன்சன் திட்டம் வந்தது. விலையைத் தூக்கிப் பிடிக்க ஏற்றுமதிக்கு அளவு கட்டினார்கள். டச்சுக்காரர்கள் சேராததால் 1928இல் அது கைவிடப்பட்டது. அடுத்த வருடமே உலகப் பொருளாதாரம் சரிந்தது. 1930 மே மாதத்தில் மலாயாவிலும் டச்சு இந்தியத் தீவுகளிலும் தோட்ட முதலாளிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு ஒரு மாதம் பால் வெட்டை நிறுத்தினார்கள். ஆங்கிலத்தில் அதற்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் ‘வெட்டு விடுமுறை’. விடுமுறையாம்! பால் இல்லை என்றால் ஷீட்டு இல்லை, ஷீட்டு இல்லை என்றால் புகை இல்லை. அந்த ஒரு மாதம் விலையை நிமிர்த்தவும் இல்லை. 1930க்கும் 1932க்கும் இடையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் மலாயாவிலிருந்து கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கூலி அறுக்கப்பட்டது. பெண்களுக்குக் கூலி ஏற்கெனவே ஆண்களைவிடக் குறைவு, அதிலும் கை வைத்தார்கள். 1934இல் பல நாடுகள் சேர்ந்து இன்னொரு கட்டுப்பாட்டு ஒப்பந்தம் போட்டன. எத்தனை டன் என்று அங்கே கையெழுத்தானது, இங்கே எத்தனை நாள் தீ என்று ஆனது.

விலை நன்றாக இருந்த வருடங்களிலும் தீ மெலியும் காலம் ஒன்று உண்டு. நமக்கும் இலையுதிர் காலம் இருக்கிறது. என்ன, பிப்ரவரியில் வரும்.

ரப்பர் மரம் அமேசான் காட்டுச் சரக்கு. 1876இல் விக்கம் பிரேசிலிலிருந்து விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார், அங்கிருந்து 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். மரத்தோடு அதன் பழக்கமும் வந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வறண்ட நாள்கள் தொடங்கியதும் இலை பழுத்துச் சிவந்து கொட்டும். சில வாரம் காடு முழுக்க மொட்டையாக நிற்கும். அப்புறம் செம்பு நிறத்தில் தளிர் விடும். வெள்ளைக்காரத் துரைமார்கள் இதற்கு ‘விண்டரிங்’ என்று பேர் வைத்தார்கள். ஊர் ஞாபகம் போல. மரம் சேர்த்துவைத்த சத்தெல்லாம் புது இலைக்குப் போவதால் பால் குறையும். தளிரில் ஓடியம் என்கிற சாம்பல் பூசணம் தாக்கினால் அதுவும் உதிரும், மரம் இரண்டாம் முறை துளிர்க்க வேண்டும். கொண்டுவந்த பாலின் எடைக்கு ஏற்பச் சம்பளம் வாங்குகிறவருக்கு இது எப்படிப்பட்ட காலம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தோட்டத் தொழிலாளிக்கு மாதம் 24 நாள் வேலை தர வேண்டும் என்கிறது. நல்ல விதி. ஆனால் 24 நாளும் மரத்துக்குப் போகலாம், மங்கில் பால் விழ வேண்டுமே.

பகாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டிய என் பாட்டி ‘பொகையப் பாத்தாலே சம்பளம் தெரிஞ்சிரும்’ என்பார். சீன மளிகைக் கடைக்காரரும் அதே புகையைப் பார்த்துத்தான் கடன் புத்தகத்தைத் திறப்பாராம், அல்லது மூடுவாராம்.

இதே மாதங்களில்தான் விடியற்காலைக் குளிர். சிரிக்காதீர்கள். மலேசியாவின் பதிவான குறைந்த வெப்பநிலை கேமரன் மலையில் 1978இல் வந்த 7.8 டிகிரி. நெகிரி செம்பிலான் சமவெளியில் 22, 23தான். நியூயார்க் சட்டப்படி இது வீட்டுக்குள் இருக்க வேண்டிய சூட்டைவிடவே அதிகம். ஆனால் உடம்பு சட்டம் படிக்காது. பகலில் 33 டிகிரிக்குப் பழகிய உடம்பு, ஈரக் காற்று, ஒற்றைச் சட்டை, ஐந்து மணிக்கெல்லாம் பெரட்டுக் களத்தில் வரிசை. அதிகாலையில் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் சீக்கிரம் நின்றுவிடும். பாலுக்கு உகந்த நேரம் ஆளுக்குக் குளிரும் நேரம்.

லயத்துக் கூரை தகரம். தகரத்தின் குணத்தை எங்கள் துறைக்காரர்கள் எளிதாகச் சொல்லிவிடுவார்கள்: பகலில் வெயிலை அப்படியே உள்ளே இறக்கும். மேகமில்லாத ராத்திரியில் தன் சூட்டை வானத்துக்கு இறைத்துவிட்டு சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்து போகும். அடிப்பக்கத்தில் நீர் பூத்துச் சொட்டும். அத்தாப்புக் கூரை இதில் எவ்வளவோ மேல், ஆனால் ஒழுகும், தீப்பிடிக்கும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில் குடியிருப்பு, தண்ணீர், ஆஸ்பத்திரி, ஆயா கொட்டகை, பள்ளிக்கூடம் பற்றியெல்லாம் விதிகள் உண்டு. அவை வந்தது காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் ஆட்கள் கொத்துக் கொத்தாகச் செத்த பிறகு. அதைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் தோட்டத்தில் வெப்பமானி தொங்கியது புகை வீட்டில். லயத்தில் யாரும் அதைக் கொண்டுபோய் மாட்டியிருக்க மாட்டார்கள்.

லயத்தில் தீ மூட்டும் நேரத்தை முடிவு செய்தவர்கள் பெண்கள். மூன்றரை, நான்குக்கு எழுந்து அடுப்பைப் பற்றவைத்தால்தான் ஐந்துக்குள் வரக்காப்பியும் சோறும். அந்த அடுப்புதான் குடும்பத்துக்கே கணப்பு. பிள்ளைகள் பாயிலிருந்து எழுந்து நேராக அடுப்படிக்கு வந்து குந்திக்கொள்ளும். விறகும் அதே ரப்பர் மரம்தான். மறுநடவுக்கு விழுத்திய மரத்தில் பெரிய கட்டை உலைக்கு, சுள்ளி லயத்துக்கு. இலங்கையின் மலைத் தோட்டங்களில் கதை வேறு. அங்கே குளிர் மறைக்க முடியாத குளிர். அதனால் தோட்ட நிர்வாகமே கம்பளி கொடுத்தது, கொடுத்துவிட்டுத் தொழிலாளியின் கணக்கில் கடனாக ஏற்றியது. நம் பக்கம் அந்தக் கடன் வரவில்லை, கம்பளியும் வரவில்லை.

பிறகு மின்சாரம் வந்தது. வந்தது என்றால் ஜெனரேட்டர். அம்மா வளர்ந்த தோட்டத்தில் சாயங்காலம் ஆறரைக்கு அதை ஓட்டுவார்கள், பத்துக்கு நிறுத்துவார்கள். நிறுத்துவதற்கு முன்னால் ஒருமுறை விளக்கை மினுக்கிக் காட்டுவதுண்டு. பாதியில் நின்றுபோன தொலைக்காட்சிப் படங்களின் முடிவு அம்மாவுக்கு இன்னும் தெரியாது. விடியற்காலை நான்கு மணிக்கு, லயத்துக்கு வெளிச்சம் அவசியமாக வேண்டிய நேரத்தில், மண்ணெண்ணெய் விளக்குதான். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்காகப் பதினொன்று வரை ஓட்டச் சொல்லிக் கேட்டார்கள். டீசல் செலவு என்று பதில் வந்ததாம். அது நடந்த தோட்டத்தின் பெயர் இங்கே முக்கியமில்லை. கூட்டம் கூட்டமாக இதே கதையைச் சொல்லும் ஆட்கள் நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள், மணி மட்டும் ஒன்பதரை, பத்து என்று மாறும். 1966இல் தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்துச் சட்டம் வந்தது. அதை மாற்றி 1990இல் வந்த 446ஆம் சட்டம் குழாய்த் தண்ணீரையும் மின்சாரத்தையும் முதலாளியின் கடமையாக எழுதியது.

அதற்குள் புகை வீடு போய்க்கொண்டிருந்தது. 1965இல் மலேசியா ரப்பரை ஆய்வுக்கூடத்தில் சோதித்துத் தரம் குறிக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற கண்ணுக்கு இனி பழைய மதிப்பில்லை. ரப்பரைப் பொடிப் பொடியாக்கி, 100 டிகிரியைத் தாண்டிய சூடான காற்றில் சில மணி நேரத்தில் காயவைத்துக் கட்டியாக அழுத்திவிடலாம். ஐந்து நாள் வேலை அரை நாளுக்குள் முடிந்தது. பிறகு செம்பனை வந்தது. செம்பனை இலை உதிர்க்காது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின, லயத்துச் சனங்கள் செனவாங், நீலாய் என்று அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். மாதச் சம்பளம் கேட்டுத் தோட்டத் தொழிற்சங்கம் பல வருடம் போராடியது. தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 900 ரிங்கிட் என்று சட்டமானது 2013இல். அப்போது தோட்டத்தில் மிச்சமிருந்த தமிழர்கள் கொஞ்சம் பேர்தான்.

ரப்பர் மரத்தை இப்போது யாரும் பெரிதாக விறகாக்குவதில்லை. 1980களிலிருந்து அதை மருந்தில் ஊறவைத்து, சூளையில் காயவைத்து, மேசை நாற்காலி செய்கிறார்கள். சூளைக்கு வெப்பநிலை அட்டவணை உண்டு: முதலில் குறைவாக, பிறகு படிப்படியாக ஏற்றி, ராத்திரியிலும் ஆள் பார்த்துக்கொள்ள வேண்டும். மலேசிய மரச்சாமான்கள் அதிகமாகப் போய்ச் சேரும் நாடு அமெரிக்கா.