ரசீதில் ஏறாத பெயர்கள்: பெண்கள் பள்ளிகளைத் தாங்கிய கைகள்

பொன்விழா மலருக்காகச் சங்கத்தின் பழைய ரசீதுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தோம். கல்வி நிதிக்கு வந்த நன்கொடைகள் வரிசையாக இருந்தன. ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி, எப்போதாவது நூறு வெள்ளி. கொடுத்தவர் என்ற இடத்தில் ஏறக்குறைய எல்லாம் ஆண்களின் பெயர்களே. அந்தப் பணம் முழுவதும் ஆண்கள் மட்டும் சேர்த்ததுதானா என்ற கேள்வி எங்களுக்குள் எழுந்தது. அதற்கு விடை தேடியபோது சிங்கப்பூர்ப் பெண்கள் பள்ளிகளின் வரலாற்றுக்குள் போக வேண்டியதாயிற்று.

இத்தீவின் மிகப் பழைய பெண்கள் பள்ளியான செயின்ட் மார்கரெட்ஸ் 1842இல் மரியா டயர் என்ற மிஷனரிப் பெண்மணியால் தொடங்கப்பட்டது. ஆதரவற்ற சிறுமிகளுக்குத் தங்குமிடமும் எழுத்தும் தந்த பள்ளி அது. அங்குள்ள பெண்கள் செய்த தையல் வேலைகள் விற்பனைக்குப் போயின. அந்த வருமானமும் பள்ளிச் செலவுக்குத் துணை நின்றது. இன்று பள்ளிகளில் நடக்கும் விற்பனைச் சந்தைகளுக்கு அந்த ஊசியும் நூலுமே முன்னோடி எனலாம்.

நம் இனத்தார் பலர் அறியாத செய்தி ஒன்றும் உண்டு. இன்று பெயர் பெற்று விளங்கும் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி 1887 ஆகஸ்ட் 15ஆம் நாள் ஷார்ட் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டில் தொடங்கியபோது, அதில் சேர்ந்தவர்கள் ஒன்பது தமிழ்ச் சிறுமிகள். அதன் முதற்பெயரே தமிழ்ப் பெண்கள் பள்ளிதான். தொடங்கியவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சோஃபியா பிளாக்மோர். பெண்பிள்ளை வாசலைத் தாண்டுவதே பெரிய பேச்சாக இருந்த காலத்தில் ஒன்பது வீட்டார் துணிந்திருக்கிறார்கள். ஆயினும் அந்தத் தாய்மார்களின் பெயர்களை நாம் எங்கும் காணவில்லை.

முஸ்லிம் சமூகம் கல்விக்குப் பணம் திரட்டிய வழி வக்ஃபு. ஜாலான் சுல்தானில் 1912இல் எழுந்த அல்சாகோஃப் மதரஸா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு வணிகக் குடும்பம் விட்டுச் சென்ற சொத்தின் வருமானம் தலைமுறை கடந்தும் பிள்ளைகளின் படிப்புக்கு உதவிவருகிறது. இன்று அது பெண்கள் மட்டுமே பயிலும் மதரஸாவாக விளங்குகிறது.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். கடையநல்லூர், தென்காசிப் பகுதி முஸ்லிம்கள் குடும்பத்தோடு கப்பலேறி வந்து தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறியவர்கள். அங்கே நம் நன்னிமார்கள் மசாலா அரைத்து விற்றார்கள். விடியுமுன் அம்மியில் அமர்ந்து மிளகாயும் மல்லியும் அரைத்த கைகள் எரிந்த எரிச்சலை அவர்கள் வாயாலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941இல் அமைந்தது. அது 1946இல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. 1960இல் உயர்நிலைப் பள்ளியும் உருவாயிற்று. மாணவர் எண்ணிக்கை குறைந்து 1982இல் அது மூடப்பட்டாலும், உமறுப்புலவர் தமிழ் மொழி நிலையம் அந்தப் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. அந்தப் பள்ளிக்கு வெள்ளி வெள்ளியாகக் கொடுத்த வீடுகளில் அம்மிச் சத்தம் கேட்ட வீடுகள் எத்தனையோ! ரசீதில் நன்னாவின் பெயர்; பணத்திலோ நன்னியின் உழைப்பு.

அந்த உழைப்பு இன்றும் ஓயவில்லை. எங்கள் சகோதரிகளும் துணைவியரும் படித்த ஒரு பெண்கள் பள்ளியின் முன்னாள் மாணவியர் ஓராண்டில் செய்யும் வேலைகளை அருகிலிருந்து பார்த்தோம். ஆண்டுத் தொடக்கத்தில் பழைய சீருடைகளையும் புத்தகங்களையும் சேகரித்து, துவைத்து மடித்துத் தேவைப்படும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். நோன்பு மாதத்தில் கஞ்சி காய்ச்சி அக்கம்பக்கத்து முதியவர்களுக்கு வழங்குகிறார்கள். ஆண்டின் நடுவில் உணவுச் சந்தை. பள்ளி விடுமுறையில் தேர்வு எழுதப்போகும் மாணவியருக்குத் துணைப்பாடம். ஆண்டு இறுதியில் உதவித்தொகை.

ஒருமுறை அந்த உணவுச் சந்தையில் எங்களுக்கும் ஒரு கடை கொடுத்தார்கள். நாங்கள் வியாபாரிகள் ஆயிற்றே! பெரிய பதாகை அடித்தோம், கூடாரம் வாடகைக்கு எடுத்தோம், தேவைக்கு மேல் பிரியாணி சமைத்தோம். கூட்டம் அலைமோதியது. ஆனால் மாலையில் கணக்குப் பார்த்தால் செலவு போக மிஞ்சியது சொற்பம். பக்கத்துக் கடையில் பெண்கள் இரண்டு வாரங்களுக்கு முன்பே கூப்பன்களை விற்று முடித்திருந்தார்கள். அரிசி ஒருவர் கொடுத்தார், எண்ணெய் ஒருவர் கொடுத்தார். எத்தனை பேருக்குச் சமைப்பது என்பதும் முன்பே தெரியும். வந்த பணம் ஏறக்குறைய முழுவதும் பிள்ளைகளுக்கே போனது. “தம்பி, கடை உங்களுக்குத் தொழில், இது எங்களுக்குக் கடமை” என்று ஒரு அக்கா சிரித்தார். அடுத்த ஆண்டிலிருந்து நாங்கள் கடை போடுவதில்லை. மசாலாவையும் அரிசியையும் கொடுத்துவிட்டு அவர்கள் சொல்லும் வேலையைச் செய்கிறோம்.

உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடக் கீழக்கரை வணிகர் வள்ளல் சீதக்காதி துணை நின்றார் என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். கொடுத்தவர் பெயர் நிலைத்ததால்தான் பின்வந்தவர்களுக்கும் கொடுக்கும் மனம் வந்தது. அதே நியாயம் நம் பெண்களுக்கும் உண்டல்லவா?

எனவே இம்மலர் வழியாக ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தின் கல்வி நிதி ரசீதில் இனிக் கொடுப்பவர் பெயரே ஏறட்டும். உம்மா கொடுத்தால் உம்மாவின் பெயர், மகள் கொடுத்தால் மகளின் பெயர். வீட்டில் நன்னிமார் இருந்தால், மசாலா அரைத்த காசில் யாரைப் படிக்க வைத்தார்கள் என்று இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள். நூற்றாண்டு மலரை எழுதப்போகும் பிள்ளைகள் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டும்போது, நாங்கள் தேடியது போல் அவர்கள் தேட வேண்டியிராது, இன்ஷா அல்லாஹ்.