பதினொரு மாத ஆசிரியர்கள்

 

இந்தச் சொற்பொழிவு யாருடைய நினைவாக நடக்கிறதோ அவருடைய பெயரைக் காலையிலிருந்து மேடையில் பலரும் சொல்லிவிட்டார்கள். நாங்கள் அவரை ‘சார்’ என்றே அழைத்துப் பழகியவர்கள். இங்கேயும் அப்படியே அழைக்கிறோம். திருச்சுழிக்குக் கிழக்கே குண்டாற்றங்கரைக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர். பதினாறு ஆண்டுகள் அரசுக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். அந்தப் பதினாறு ஆண்டுகளில் ஒரு நாள்கூட நிரந்தர ஆசிரியராக இல்லாதவர். இரங்கல் கூட்டத்துக்கு நாங்கள் அடித்த ஃபிளக்ஸில் ‘பேராசிரியர்’ என்று போட்டோம். அவருடைய நியமனக் கடிதத்தில் இருந்த சொல் வேறு: கௌரவ விரிவுரையாளர்.

அந்தச் சொல்லிலிருந்தே தொடங்கலாம். ஆங்கிலத்தில் ‘கெஸ்ட் லெக்சரர்’, அதாவது விருந்தாளி. வெளியூர் அறிஞர் ஒருவர் வந்து நான்கைந்து வகுப்பு எடுத்துவிட்டுப் போவார். அவருக்குச் சம்பளம் என்று சொன்னால் மரியாதைக் குறைவு என்பதால் மதிப்பூதியம் என்றார்கள். ஏற்பாடு முதலில் அவ்வளவுதான். வருகைப் பதிவேடு, உள்மதிப்பீடு, தேர்வுக் கண்காணிப்பு, விடைத்தாள் திருத்தம் என எல்லா வேலையும் செய்கிற முழுநேர ஆசிரியரின் தலையில் அதே சொல்லைப் பிறகு கட்டினார்கள். நம் மக்களுக்குக் கௌரவம் தர யோசிக்காத துறை எதுவும் நமக்குத் தெரிந்து இல்லை. இந்த ஒரு இடத்தில் மட்டும் ஊதியத்துக்குப் பதிலாக அதைத் தாராளமாகக் கொடுத்தார்கள்.

இந்த வரலாற்றில் நமக்கு முன்னோடி அண்ணல் அம்பேத்கர்தான். 1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியராகச் சேர்ந்தார். மாதம் 450 ரூபாய். அது தற்காலிகப் பணியிடம். ஆசிரியர் அறையில் இருந்த பொதுத் தண்ணீர்ப் பானையில் அவர் குடிக்கக் கூடாது என்று உடன் வேலை பார்த்த சிலர் ஆட்சேபித்த கதை நம் எல்லோருக்கும் தெரியும். அந்த வேலை தற்காலிகமானது என்பதை மட்டும் நாம் அதிகம் பேசுவதில்லை. 1920 மார்ச்சில் அதை விட்டுவிட்டு, சேமித்த பணத்தோடும் கடனோடும் லண்டனுக்குத் திரும்பினார். பார்-அட்-லாவும் டி.எஸ்சி.யும் முடித்து வந்த பிறகும் 1925 முதல் 1928 வரை பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் வணிகச் சட்டத்தைப் பகுதி நேரமாகத்தான் கற்பித்தார். அரசு சட்டக் கல்லூரியில் முதல்வராக அவர் உட்கார்ந்தது 1935 ஜூனில். கொலம்பியாவில் படித்தவருக்கே இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. அவருக்காவது அந்த நாற்காலி கிடைத்தது.

நம் பகுதிக்கு வருவோம். அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி வட்டாரத்தில் பள்ளிக்கூடம் நம் தெருவுக்கு வந்தது ஒரே பாதையில் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மதுரை மிஷன் மண்டபசாலையில் ஒரு நிலையம் வைத்திருந்தது. அங்கிருந்து கிராமங்களுக்கு உபதேசியார்கள் போனார்கள். பிறகு, 1920 வாக்கில் சென்னை மாகாண அரசு தொழிலாளர் ஆணையர் வழியாக ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனிப் பள்ளிகள் திறக்கத் தொடங்கியது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அங்கே இருக்கிறது. சார் படித்தது அப்படியொரு பள்ளியில்தான்.

அவருடைய தாத்தா கண்மாயில் மடை திறந்து நீர் பாய்ச்சியவர். அறுவடைக் களத்தில் அவருக்கென்று ஒரு பங்கு அளந்து போடுவார்கள். அதற்குச் ‘சுதந்திரம்’ என்று பெயர். “எங்க தாத்தாவுக்குக் களத்துல சுதந்திரம் இருந்துச்சு. எனக்கு மே மாசம் அதுவும் இல்ல” என்று சார் சிரிப்பார். தாத்தாவின் வேலை சாதியால் விதிக்கப்பட்ட வேலை. அதைப் புகழ்ந்து பேச நாங்கள் தயாராக இல்லை, சாரும் அப்படிப் பேசியதில்லை. ஆனால் அந்தக் கேலிக்குள் கணக்கு ஒன்று இருந்தது. கௌரவ விரிவுரையாளருக்கு ஆண்டுக்குப் பதினொரு மாதம்தான் ஊதியம். மே மாதம் கிடையாது. அந்த மாதத்தில் சார் சீமைக்கருவேலை மூட்டம் போடுகிற ஒருவரிடம் கரி மூட்டைக் கணக்கு எழுதப் போவார். மாணவர்கள் யாராவது அந்தப் பக்கம் வந்தால் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வாப்பா, அரியர் எழுதுனியா?” என்று கேட்பார்.

இனி, நாங்கள் அழுத்திச் சொல்ல வந்த செய்தி. நம் வட்டாரத்தில் தலித் குடும்பங்களிலிருந்து முதுகலைப் பட்டதாரிகள் கணிசமாக வெளியே வந்தது 1990களின் பிற்பகுதியிலும் 2000களிலும். பெரும்பாலோர் படித்தது வரலாறு, தமிழ், பொருளாதாரம், சமூகவியல் போன்ற கலைப் பாடங்கள். அறிவியல் பாடத்துக்கான டியூஷன் செலவு நமக்குக் கட்டுப்படியாகவில்லை என்பது முக்கியக் காரணம். அவர்கள் கல்லூரி வேலைக்கு வந்து நின்ற அதே நேரத்தில்தான், 2001 நவம்பரில், தமிழக அரசு பணி நியமனத் தடை போட்டது. 2006 பிப்ரவரியில் தடை நீங்கியது. அதே ஆண்டு அரசுக் கல்லூரிகளில் இரண்டாம் சுழற்சி வகுப்புகள் வந்தன. மதியக் கல்லூரிக்கு நம் பிள்ளைகள் நிறையப் பேர் வந்தார்கள், அது நல்லதே. ஆனால் அந்த வகுப்புகளை நடத்தக் கௌரவ விரிவுரையாளர்களை எடுத்தார்கள். தடைக் காலத்துக்கான தற்காலிக ஏற்பாடு தடை நீங்கிய பிறகு நிரந்தரமாகிவிட்டது.

அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். 2013-இல் ஆசிரியர் தேர்வு வாரியம் 1,093 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது. 2019-இல் 2,331 இடங்கள் என்று ஓர் அறிவிப்பு வந்தது, நிறைவேறாமலே திரும்பப் பெறப்பட்டது. 2024 மார்ச்சில் 4,000 இடங்கள் என்றார்கள். தேர்வு தள்ளித் தள்ளிப் போய், 2025 அக்டோபரில் 2,708 இடங்களுக்கு மறுபடி ஓர் அறிவிப்பு வந்தது. 2013-இல் இருபத்திரண்டு வயதில் எம்.ஏ. முடித்தவருக்கு இப்போது முப்பத்து நான்கு வயதைத் தாண்டிவிட்டது. இடையில் மாநிலமெங்கும் அரசுக் கலைக் கல்லூரிகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் வகுப்புகளை நடத்திக்கொண்டிருக்கிறார்கள். மாதம் 15,000 என்றிருந்தது 20,000 ஆகி, பிறகு 25,000 ஆனது. பல்கலைக்கழக மானியக் குழு 2019 ஜனவரியில் சொன்னது ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை. நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் மட்டும் 57,700. பக்கத்து வகுப்பறை, அதே பாடத்திட்டம், அதே கரும்பலகை.

ஊதியத்தைவிடப் பெரிய இழப்பு இட ஒதுக்கீட்டில் நடக்கிறது. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு அருந்ததியர் உள்ஒதுக்கீடு சேர்த்து 18 விழுக்காடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. சட்டத்தில் ஒரு வரியையும் யாரும் அழிக்கவில்லை. இட ஒதுக்கீட்டுக்கு எதிராகக் கொடி பிடித்தவர்களும் இங்கே இல்லை. பணியிடத்தைத் தற்காலிகமாக்கினாலே போதும், ஒதுக்கீடு தானாகக் காற்றில் தொங்கும். கௌரவ விரிவுரையாளரை இனச்சுழற்சி பார்த்தே எடுத்தாலும் அந்த நிரந்தர இடம் நிரம்பியதாகக் கணக்கில் வராது. நாம் வகுப்பறையில் இருக்கிறோம், பதிவேட்டில் இல்லை.

வடக்கே இதையே வேறு விதமாகச் செய்து பார்த்தார்கள். 2018 மார்ச்சில் மானியக் குழு, ஒதுக்கீட்டைக் கல்லூரி முழுமைக்கும் கணக்கிடாமல் துறைவாரியாகக் கணக்கிடச் சொன்னது. பதின்மூன்று புள்ளிச் சுழற்சி என்று பெயர். அதன்படி ஒரு துறையில் நான்காவது இடம் பிற்படுத்தப்பட்டோருக்கு, ஏழாவது இடம் பட்டியல் சாதிக்கு, பதினான்காவது இடம் பழங்குடிக்கு. வரலாற்றுத் துறையில் மொத்தமே ஆறு பேர் என்றால் ஏழாவது இடம் எந்தக் காலத்தில் வரும்? தெருவில் இறங்கிப் போராடியதால் 2019 மார்ச்சில் அவசரச் சட்டமும் ஜூலையில் சட்டமும் வந்து பழைய இருநூறு புள்ளிக் கணக்கு மீண்டது. அந்தப் போராட்டத்துக்குப் பெயர் இருந்தது, எதிரி கண்ணுக்குத் தெரிந்தான். பதினொரு மாத ஆணைக்கு எதிராக அப்படித் திரள முடிவதில்லை. ஜூன் மாதம் ஆணை புதுப்பிக்கப்படுமா என்ற பயத்தில் ஏப்ரலிலேயே எல்லோரும் அமைதியாகிவிடுகிறார்கள். சாரும் அப்படி அமைதியாக இருந்த ஆண்டுகள் உண்டு. அதை மறைத்து அவரைச் சிலையாக்க நாங்கள் விரும்பவில்லை.

அவர் எடுத்த தாள்களில் ஒன்று உலக வரலாறு. ஒருநாள் காலனியாதிக்கம் பற்றி நடத்திக்கொண்டிருந்தபோது நரிக்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன் எழுந்து, “சார், காலனின்னா நம்ம காலனியா சார்?” என்று கேட்டிருக்கிறான். வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. ஊருக்கு வெளியே அரசு கட்டிக் கொடுத்த வீடுகளுக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது, அதை யார் வைத்தார்கள் என்று அன்றைக்கு முழு வகுப்பும் பேசினார். அதன் தொடர்ச்சியாக ஹைத்திக்குப் போனார். 1791-இல் எழுந்த அடிமைகள் 1804 ஜனவரி 1-இல் தனி நாடாக அறிவித்ததைச் சொன்னார். பாடத்திட்டத்தில் பிரெஞ்சுப் புரட்சி இருந்தது, ஹைத்தி இல்லை. பின்னாளில், 2025 ஏப்ரலில், அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தபோது அந்தப் பையன் எங்களுக்குப் போன் செய்தான். சார் அப்போது இல்லை.

இப்படிக் கற்பிக்கிறவர் ஆராய்ச்சி மாணவருக்கு வழிகாட்ட முடியாது. மானியக் குழு விதிப்படி நெறியாளர் நிரந்தர ஆசிரியராக இருக்க வேண்டும். தலித் பள்ளிகளின் வரலாற்றை ஆராய விரும்பி அவரிடம் வந்த மாணவிகளை அவர் வேறு ஆசிரியர்களிடம் அனுப்பி வைத்தார். அங்கே தலைப்பு மாறிவிடும். நாயக்கர் காலக் கோயில் மண்டபமாகவோ பாளையக்காரர் வம்சாவளியாகவோ ஆகிவிடும். நம் வரலாறு ஏன் எழுதப்படவில்லை என்று மேடைதோறும் கேட்கிறோமே, அதற்கான பதிலில் ஒரு பாதி இந்த விதியில் இருக்கிறது.

உலகெங்கும் இதே கதைதான் என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ‘அட்ஜங்க்ட்’ என்ற பெயரில் பருவத்துக்குப் பருவம் கூலி வாங்கும் ஆசிரியர்கள் பெருகியிருப்பது உண்மை. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் ‘அட்-ஹாக்’ ஆசிரியருக்கு 120 நாள் ஆணை. முடிந்ததும் ஒரு நாள் இடைவெளி விட்டு மறுபடி 120 நாள். 2019 டிசம்பரில் அவர்கள் துணைவேந்தர் அலுவலகத்தை முற்றுகையிட்டார்கள். ஆனால் அமெரிக்காவில் அந்த வேலை பெருகியபோது நிரந்தரப் பேராசிரியர்களாகப் பல தலைமுறை உட்கார்ந்து எழுந்த வீடுகள் இருந்தன. எங்கள் பக்கத்தில் முதல் தலைமுறையே விருந்தாளியாகத்தான் உள்ளே போனது.

சட்டம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. ஒப்பந்த ஆசிரியர்கள் மொத்த இடங்களில் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று மானியக் குழுவின் 2010, 2018 விதிகள் சொல்கின்றன. 2025 ஜனவரியில் வந்த வரைவில் அந்த வரம்பையே எடுத்துவிட்டார்கள். சம வேலைக்குச் சம ஊதியம் தற்காலிகப் பணியாளருக்கும் உண்டு என்று 2016 அக்டோபரில் ஜக்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குஜராத் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்கள் வழக்கிலும் 2025 ஆகஸ்டில் குறைந்தபட்ச ஊதிய விகிதம் தரச் சொன்னது. மாணவர்கள் இவற்றைப் படித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் 2006-இன் உமாதேவி தீர்ப்பையும் சேர்த்துப் படியுங்கள். நீண்ட காலம் வேலை பார்த்ததாலேயே நிரந்தரம் கேட்க உரிமையில்லை என்று அது சொல்கிறது. அரசு வழக்கறிஞர் முதலில் எடுத்து நீட்டுவது அதைத்தான்.

2022-இல் திருச்சுழிக்கே அரசு கலை அறிவியல் கல்லூரி வந்தது. சாருக்கு அதில் பெரிய மகிழ்ச்சி. பரளச்சிப் பக்கத்துப் பெண் பிள்ளைகள் இனி அருப்புக்கோட்டை பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம் என்றார். எங்கே வேலை பார்த்தாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நலப் பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைத் தேடிப் போவார். தலைமை ஆசிரியரின் அனுமதியோடு அங்கேயே உட்கார்ந்து கையால் எழுதிக்கொள்வார். பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தொழில், சேர்ந்த தேதி, நின்ற தேதி, நின்றதற்கான காரணம். காரணம் என்ற கட்டத்தில் அடிக்கடி வருகிற சொற்கள் இரண்டு: ‘பிழைக்கப் போனது’, ‘மாடு மேய்ப்பு’.

அப்படி எழுதிய பதினான்கு நாற்பக்க நோட்டுகளை அவருடைய மனைவி ஒரு தகரப் பெட்டியோடு மன்றத்திடம் ஒப்படைத்திருக்கிறார். இரண்டு மாணவிகள் அவற்றைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஆறாவது நோட்டு வரை முடிந்திருக்கிறது. அந்த இருவரில் ஒருவர் வரலாற்றில் எம்.ஏ., செட் தேர்வும் தேறியவர். இந்த ஜூனில் கௌரவ விரிவுரையாளர் பணிக்கு விண்ணப்பித்திருக்கிறார். நேர்காணலுக்கான அழைப்பு இன்னும் வரவில்லை.