எந்த 'கேட்' வாங்கலாம்? கொஞ்சம் பழங்கதை

மதகடிப்பட்டுன்னா பெருசுங்களுக்கு மாட்டுச் சந்தை, பசங்களுக்கு இன்ஜினியரிங் காலேஜ். பக்கத்துலயே திருபுவனை தொழிற்பேட்டை வேற. அதனால இந்தப் பக்கம் டீக்கடையில கூட காதுல விழற கேள்வி, "எந்த கேட் சாஃப்ட்வேர் வாங்கறது?"

வரலாற்றைப் புரட்டினா எனக்குத் தோணறது இதுதான் மக்களே: எது ஒசத்தின்னு பாத்து வாங்கினவங்க கம்மி. நமக்கு வேலை குடுக்கறவர் எந்த ஃபைல் அனுப்பறாரோ, அதுதான் முடிவு பண்ணியிருக்கு.

1977-ல பிரான்சின் டசால்ட் விமானக் கம்பெனிக்குள்ள ஆரம்பிச்சது கேட்டியா. பெரிய கம்ப்யூட்டர், பெரிய காசு. நம்ம தேஜஸ் விமானத்தை வடிவமைச்சதும் அதுலதான். 1982 டிசம்பர்ல ஜான் வாக்கரும் கூட்டாளிகளும் ஆட்டோகேடை வெளியிட்டாங்க. கேட்டியா முன்னாடி அது பொடிப்பயல். ஆனா மேஜைமேல வைக்கிற கம்ப்யூட்டர்ல ஓடுச்சு. டிராயிங் போர்டும் மினி டிராஃப்டரும் வச்சு மல்லுக்கட்டினவங்களுக்கு அது போதும்.

அப்புறம் சங்கிலி. கன்சல்டன்ட் ஆட்டோகேட் வச்சிருந்தா கான்ட்ராக்டரும் வாங்கணும், அவர் வாங்கினா ஃபேப்ரிகேஷன் பட்டறையும் வாங்கணும், எல்லாரும் கேக்கறாங்கன்னு பாலிடெக்னிக்லயும் அதையே சொல்லிக் குடுக்கணும். பூட்டு எங்கன்னா, டிடபிள்யூஜி ஃபைலோட உள்கட்டமைப்பை ஆட்டோடெஸ்க் வெளியிடலை. (டிஎக்ஸ்எஃப்பை வெளியிட்டாங்க. லேசர் கட்டிங்காரர் இன்னிக்கும் கேக்கறது அதைத்தான்.) 1998-ல மத்த கம்பெனிகள் கூட்டணி போட்டு டிடபிள்யூஜியைப் பிரிச்சுப் படிக்க ஆரம்பிச்சாங்க. அதே காலத்துல வந்த இன்டெலிகேட் மேல கட்டினதுதான் பிரிக்ஸ்கேட், இசட்டபிள்யூகேட் எல்லாம், ஆரம்பத்துல.

முப்பரிமாணத்துல பூட்டு இன்னும் இறுக்கம். 80-கள் கடைசியில புரோ-இன்ஜினியர், 1995-ல சாலிட்வொர்க்ஸ். ஒரு அளவை மாத்தினா மொத்த மாடலும் மாறும், அருமையான சங்கதி. ஆனா ஒரு சாஃப்ட்வேர்ல போட்டதை இன்னொண்ணுக்கு ஸ்டெப் ஃபைலா (1994-ல வந்த சர்வதேசத் தரம்) அனுப்பினா உருவம் மட்டும்தான் போகும். எந்த ஓட்டையை எந்த அளவுல, எந்த வரிசையில போட்டோம்ங்கற கதை போகாது. சமைச்ச சாம்பார் வந்து சேரும், செய்முறை வராது. கார் கம்பெனிக்கு பார்ட் செய்யறவர் அவங்க வச்சிருக்கறதையே வாங்கறது இதனாலதான்.

2016-ல இன்னொரு திருப்பம். ஒரே தடவை காசு குடுத்து வாங்கற லைசென்ஸை ஆட்டோடெஸ்க் நிறுத்திட்டாங்க. இனிமே வாடகைதான். வாடகை நின்னா, நாமளே போட்ட பழைய டிராயிங்கைத் திருத்த அந்த சாஃப்ட்வேர் திறக்காது. ரெண்டு மெஷின் வச்சிருக்கற பட்டறைக்கு ஆர்டர் இல்லாத வருஷமும் வாடகை ஓடும். பெரிய சாஃப்ட்வேர்களோட விலையோ, சந்தையில துண்டுக்குள்ள விரல் புடிச்சு பேசற மாதிரி, ஆளுக்கு ஒண்ணு :-)

நம்ம அரசாங்கத்தோட தேசிய தகவல் மையம் செஞ்ச கோலாப்கேடும் இருக்கு. இலவசமான ஃபிரீகேட் 2024 நவம்பர்ல 1.0 ஆச்சு. முன்னாடி அதுல ஒரு முகத்தை மாத்தினா பின்னாடி செஞ்சதெல்லாம் குழம்பும், அதைப் பெரும்பாலும் சரிபண்ணிட்டாங்க. தகடு வெட்டற, ஷெட் போடற வேலைக்கு டிடபிள்யூஜி திறக்கற விலை கம்மியான ஒண்ணு தாராளமா போதும்ங்கறது என் கட்சி. கஸ்டமர் கேட்டியா மாடலே வேணும்னா வேற வழியில்லை, அந்த வாடகையை கொட்டேஷன்லயே ஏத்திடுங்க. எதை வாங்கினாலும், வேலை முடிஞ்ச அன்னிக்கே ஒரு டிஎக்ஸ்எஃப், ஒரு ஸ்டெப், ஒரு பிடிஎஃப் தனியா எடுத்து வச்சிடுங்க.