விறகு அடுப்பு புகைபோக்கிக்கு எந்தக் குழாய் பாதுகாப்பு? பி.வி.சி., ஆஸ்பெஸ்டாஸ் ஏன் கூடாது?

2019-ல் புவிசார் குறியீடு பெற்றது ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. விறகு அடுப்பில் கிண்டுவதால்தான் அதற்கு அந்த ருசி என்பார்கள். பக்கத்து ஊரான ராஜபாளையத்திலும் வெந்நீருக்கும் விசேஷ சமையலுக்கும் விறகு அடுப்பு உண்டு. அடுப்பைப் பார்த்துப் பார்த்துக் கட்டுறவங்க, புகைபோக்கிக்குக் கையில் கிடைத்த குழாயை வைத்துவிடுவதும் உண்டு. ஆபத்து அங்கேதான்.

உள்குழாய் எதுக்கு?

செங்கல் புகைபோக்கியின் பூச்சு சூட்டில் விரிசல் விடும். அது வழியாகக் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கூரை மரமும் சூடேறித் தீப்பிடிக்கலாம். உள்ளே சரியான குழாய் இறக்கினால் இரண்டையும் தடுக்கலாம்.

கரிப்பிசின் என்றால் என்ன?

ஈர விறகின் புகை, குழாயில் தார் மாதிரி படியும். எண்ணெய்ப் பசை உள்ள முந்திரி ஓடு எரித்தாலும் இதே கதைதான். இந்தப் படிவு தீப்பிடித்தால் குழாய்க்குள் வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டலாம்.

எது வேண்டாம்?

* பி.வி.சி.: சுமார் 80 டிகிரியிலேயே இளகிவிடும். எரிந்தால் நச்சுப்புகை.
* ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட்: இதன் தூசு நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும். பழைய குழாய் இருந்தால் நீங்களே அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம்.
* ஜி.ஐ. தகரம்: தொடர்ந்து 200 டிகிரிக்கு மேல் சூடானால் துத்தநாகப் பூச்சு உரியும், பிறகு துரு அரிக்கும்.

எது நல்லது?

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். விறகுக்கு 304 ரகம் போதும். நிலக்கரியும் எரிப்பதாக இருந்தால் 316 ரகம் வாங்குங்கள். சுட்ட களிமண் குழாயும் சூடு தாங்கும். ஆனால் திடீர் சூட்டில் வெடிப்பு விடலாம்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

* குழாயின் அகலம் அடுப்பின் புகை வாயைவிடக் குறையக் கூடாது. ரொம்பப் பெரிதானாலும் புகை ஆறிப்போய் கரி படியும்.
* வளைவுகள் குறைவாக இருக்கட்டும்.
* கூரையைத் தாண்டும் இடத்தில் மரமோ ஓலையோ குழாயைத் தொடக் கூடாது.
* 3 மி.மீ. அளவுக்குக் கரி படிந்தாலே சுத்தம் செய்துவிடுங்கள்.
* ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்பே விறகைக் காயவைத்து மூடி வையுங்கள்.

அடுப்பு எரியும்போது தலைவலி, மயக்கம், வாந்தி வந்தால் புகைதானே என்று விட்டுடாதீங்க. எல்லோரும் உடனே வெளியே வந்து, 108-க்கு அழையுங்கள்.